ஒரு நாளைக்கு ஒண்ணு

கடைசியா நான் அவள உயிரோட பாத்தப்ப, ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்கிட்டிருந்தாம்மா. வாய் லேசா தொறந்திருந்துச்சு. ரெண்டு காலும் போர்வைக்குள்ள. அதுதான் எனக்கு ஆச்சரியம். போர்வ பட்டாலே எரியுதும்பா, எந்நேரமும் கால வெளியதான் நீட்டி வெச்சிருப்பா. அன்னிக்கு உள்ள இழுத்து வெச்சுக்கிட்டுக் கொழந்த மாதிரித் தூங்குறா. அப்பாடா, இன்னிக்கு வலி இல்லன்னு சத்தம் போடாம கதவச் சாத்திட்டு வேலைக்குப் போனேன். சந்தோஷமாத்தாம்மா போனேன்.

இல்ல இல்ல, மாத்திர எனக்கில்ல. நான் எதுவும் வாங்க வரல. சீட்டும் கொண்டு வரல. ஒரே ஒரு கேள்வி, அதுக்குத்தான் கூட்டம் குறையட்டும்னு எதிர்ல நின்னுக்கிட்டிருந்தேன். இந்த நரம்பு வலி மாத்திர இருக்குல்ல, அது உள்ள போனா எத்தன நாள் உடம்புல நிக்கும்?

என் சம்சாரம் சாப்பிட்டது. உங்க கடையிலதான் வாங்குவோம். என் பொண்ணு வருவா, ஒசரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு, நர்ஸ் டிரஸ்லயே வருவாளே. ஆ, அவதான். அவங்கம்மாவுக்குத்தான். போயிட்டா. மூணு மாசம் ஆச்சு. பரவால்லம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்.

பின்னாடி ஆள் வந்துட்டாங்க பாருங்க, மொதல்ல அவங்களுக்குக் குடுங்க. நான் ஓரமா நிக்கிறேன். நின்னு பழக்கம்தான். லிஃப்ட் மெக்கானிக்கு நான். பாதி நாள் கீழ குழிக்குள்ள, மீதி நாள் மொட்ட மாடி மிஷின் ரூம்ல, உக்காந்து பாத்த வேலையே கெடையாது.

ம், சொல்லுங்க. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ பாதியாக் கொறையும். சரி. அந்தப் பெட்டிக்குள்ள ஒரு காயிதம் மடிச்சு வெச்சிருப்பாங்கல்ல, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல, அதுலயும் அப்படித்தான் போட்டிருக்கு. லென்ஸ் வெச்சுப் படிச்சேன். ஒம்பதாவதுக்கு மேல பள்ளிக்கூடம் போகல நான். லிஃப்ட் வேலையே பழைய புத்தகத்த வெச்சு நானா கத்துக்கிட்டதுதான். அதனால இந்தக் காயிதத்தயும் விடல. ஒரு இருபது தடவ படிச்சிருப்பேன். படிக்கிறது வேற, தெரிஞ்சவங்க வாயால கேக்கறது வேற இல்லையா.

அதுல ஒரு சந்தேகம். பாதி பாதியாக் கொறஞ்சுக்கிட்டே போனா, எப்பத்தாம்மா அது சுத்தமா இல்லாமப் போகும்? பாதியில பாதி, அதுல பாதி, எப்பவும் ஏதோ ஒரு துளி இருந்துக்கிட்டேதானே இருக்கும்? ஓ. கணக்குல இருக்கும், உடம்புல இருக்காது. ரெண்டு நாள்ல போயிரும். நல்லாச் சொன்னீங்க.

ஆனா அது நல்ல கிட்னிக்கு. இவளுக்குக் கிட்னி சரியில்ல. சக்கர வந்து இருபது வருஷம், காலு, கண்ணு, கிட்னின்னு ஒண்ணொண்ணாப் புடிச்சுக்கிச்சு. டாக்டர் அப்பவே தெளிவாச் சொன்னாரு. மத்தவங்களுக்கு மூணுகூட எழுதுவேன், இவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு, அதுக்கு மேல ஒரு பொட்டுகூடக் கூடாது, கிட்னி வெளிய தள்ளாது, உள்ளயே தங்கிரும்னாரு. அப்ப இவ உடம்புல எத்தன நாள் நின்னிருக்கும்? தோராயமாச் சொல்லுங்க. நாலு நாள்? ஒரு வாரம்? ஆளப் பொறுத்ததா. டாக்டரும் இதையேதான் சொன்னாரு. யாரக் கேட்டாலும் ஆளப் பொறுத்தது. ஆளு இல்லையேம்மா இப்ப, யாரப் பொறுத்துன்னு நான் பாக்குறது?

கோவமெல்லாம் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க.

ரொம்ப வலிம்மா அவளுக்கு. பாதத்துக்கு அடியில யாரோ சுவிட்சப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி இருக்கும்பா. ஊருல இருக்கிற லிஃப்ட் எல்லாம் ரிப்பேர் பண்றீங்களே, என் கால ஒரு நாள் கழட்டிப் பாருங்களேன்னு கிண்டல் பண்ணுவா. நான் வாரண்டி முடிஞ்சுபோச்சும்பேன். கல்யாணத்தப்பவே கேரண்டி கார்டு வாங்காம விட்டது உங்க தப்புன்னுவா. வாயி மட்டும் கடைசி வரைக்கும் எந்த வியாதியும் இல்லாம இருந்துச்சு.

நான் எதுக்குக் கேக்குறேன்னு சொல்லிடறேன். என் பொண்ணுக்காகத்தான். நான் வேலைக்குப் போன பிறகு, பதினொரு மணி வாக்குல, அவங்கம்மா பாத்ரூம் போக எழுந்திருக்கா. தலை சுத்தி விழுந்து, தொட்டி முனையில பொட்டுல அடி. பொண்ணு நைட் டூட்டி முடிச்சு வந்து பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்தா. சத்தம் கேட்டு ஓடியிருக்கா. அவ நர்ஸுதான், குழந்தைங்க வார்டுல ஆறு வருஷம், எல்லாம் செஞ்சு பாத்திருக்கா. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அப்புறம் ரத்தத்தச் சோதிச்சாங்க. அந்த மருந்து இருக்க வேண்டிய அளவுக்கு மேல இருக்கு, ரெண்டு போட்ட மாதிரி இருக்குன்னு எழுதிட்டாங்க.

அன்னிக்கு மாத்திர குடுத்தது யாருன்னு டாக்டர் கேட்டாரு. நாந்தான் சார், ஆறரைக்கு வந்ததும் குடுத்தேன்னா பொண்ணு. எத்தனன்னாரு. ஒண்ணுதான் சார்னா. பன்னண்டு மணி நேரம் டூட்டி பாத்துட்டு வந்தேன், தூக்கக் கலக்கத்துல ரெண்டு எடுத்துட்டனோ என்னமோன்னு அன்னிக்கு ஆரம்பிச்சதும்மா. எண்ணிப் பாக்கவும் வழியில்ல. என் விரல் தடிச்சுப் போச்சு, அட்டையப் பிச்சு எடுக்க வராதுன்னு அவதான் எல்லாத்தையும் உதிர்த்து ஒரு பாட்டில்ல போட்டு வெச்சிருப்பா.

வேலைக்கே போக மாட்டேங்கிறா. பிஞ்சுக் குழந்தைங்களுக்கு மருந்து அளந்து குடுக்கிற கை, இதை எப்படிப்பா இனி நம்புறதுன்னு என்னையே கேக்குறா. வீட்டுல உப்பு போட்டாலும் நான் போட்டனா, போட்டனான்னு ரெண்டு தடவ கேக்குறா. மத்தவங்க யாராவது ஆறுதல் சொன்னா எழுந்து போயிடறா.

அதான் எனக்கு ஒரு யோசன. இப்படி இருக்குமா பாருங்க. முந்தின நாள் போட்டது, அதுக்கு முந்தின நாள் போட்டது, எல்லாம் வெளிய போகாம உள்ள சேந்து சேந்து, அன்னிக்கு ரெண்டு போட்ட மாதிரி காமிச்சிருக்கலாம்ல? தண்ணி போகாத குழியில சேர்ற மாதிரி? அப்ப யார் மேலயும் தப்பு இல்ல. மாத்திர மேலதான் தப்பு. மருந்துக்கடையில படிச்சவங்களே சொன்னாங்கன்னு சொன்னா அவ நம்புவா. உங்கமேல மரியாத வெச்சிருக்கா. நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தாக்கூடப் போதும்.

எத்தன மாசமா? எட்டு மாசமா போட்டா. அதே மாத்திர, அதே அளவு.

ஆமா. எட்டு மாசமா ஏறாதது அன்னிக்கு மட்டும் ஏன் ஏறணும். கிட்னி அந்த வாரம் இன்னும் மோசமாகியிருந்தா? அந்த டெஸ்டும் எடுத்துட்டாங்க, எப்பவும் இருந்த மாதிரிதான் இருந்துச்சு. என் பொண்ணும் இதேதாம்மா சொன்னா. இவ்வளவு படிச்சவள ஏமாத்த முடியாதுல்ல. அவங்கம்மாவே எடுத்துப் போட்டிருப்பாளோன்னுகூடச் சொல்லிப் பாத்தேன். பாட்டில் பீரோவுக்கு மேல இருக்கு, கைய மேல தூக்கவே முடியாதவங்க எப்படிப்பா எடுப்பாங்கன்னா. போனவ மேல போய்ப் பழியப் போட்டேன் பாருங்க. அவ கேட்டிருந்தா என்னை ஒரு வாங்கு வாங்கியிருப்பா.

தண்ணியா? வேணாம்மா. சரி, குடுங்க.

எங்க வீட்டுல ஒரு பழக்கம். மாத்திர குடுத்தவங்க டம்ளரக் கவுத்து வெச்சிரணும். கட்டில் பக்கத்துல ஒரு ஸ்டூலு, அதுமேல. பொண்ணு வர்ற நேரம் வேற, நான் போற நேரம் வேற, ஒருத்தர ஒருத்தர் எழுப்பிக் கேக்க முடியாதுல்ல. டம்ளர் கவுந்திருந்தா குடுத்தாச்சு. நிமிந்திருந்தா குடுக்கல. ராத்திரி நான் திரும்ப நிமித்தி வெச்சிருவேன். நாந்தான் இத ஏற்பாடு பண்ணேன். எங்க வேலையில ஒருத்தன் லிஃப்டுக்கு அடியில இருந்தா மேல சுவிட்சுல அட்டைய மாட்டிருவோம், யாரும் தொடக் கூடாதுன்னு. அந்த மாதிரி. எட்டு மாசம் ஒரு நாள்கூடத் தப்பல.

அன்னிக்குக் காலைல ஏழு மணி இருக்கும். தண்ணி குடுங்கன்னா. குடுத்தேன். எந்த டம்ளர்ல குடுத்தேன்னு நெனைக்கிறீங்க? கவுந்திருந்த அதே டம்ளர்லதான். குடிச்சிட்டுக் குடுத்தா, வாங்கி ஸ்டூலு மேல வெச்சேன். நிமித்தி. எட்டு மணிக்கு போன் அடிக்குது, ஒரு கட்டடத்துல ரெண்டு பேரு லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க, ஒடனே வாங்கன்னு. சட்டைய மாட்டிக்கிட்டே பாக்குறேன், டம்ளர் நிமிந்திருக்கு. பாவம், புள்ள அசதியில குடுக்காமத் தூங்கிருச்சுன்னு நானே எடுத்துக் குடுத்தேன். அவ, இப்பத்தானேங்கன்னு ஏதோ ஆரம்பிச்சா. சும்மா பேசாதடி, எனக்கு நேரமாச்சு, போடுன்னேன். வாயத் தொறந்து வாங்கிக்கிட்டா. டம்ளரக் கவுத்து வெச்சேன். வாசலுக்கு வந்தா மறுபடி போன், மாட்டினவங்க தானாவே வெளிய வந்துட்டாங்களாம், பத்து மணிக்கு வந்தாப் போதுமாம். திரும்பி வந்து டீ போட்டுக் குடிச்சு, பேப்பர் படிச்சுட்டு, கெளம்பும்போதுதான் எட்டிப் பாத்தேன். நல்லாத் தூங்கிட்டிருந்தா. சொன்னேன்ல.

பொண்ணு எழுந்து பாக்கறப்ப டம்ளர் கவுந்துதான் இருந்துச்சு, அவ வெச்ச மாதிரியே. அதனால நீங்க குடுத்தீங்களாப்பான்னு அவ என்னை ஒரு தடவகூடக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்.

அவங்களுக்கு பில் போடுங்கம்மா, ரொம்ப நேரமா நிக்கிறாங்க. நான் கெளம்பறேன். அவ தனியா இருப்பா. வீட்டுல இப்ப நாங்க ரெண்டே பேருதான்.