விசாரித்துவிட்டுத்தான் வீடு விட்டேன்

நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பாக அளித்த வாக்குமூலம்.

சாட்சியின் பெயர்: ஆத்மநாதன். தகப்பனார் பெயர்: வைரவன். வயது: 61. தொழில்: விவசாயம், வீட்டு வாடகை. முகவரி: தண்ணீர்த் தொட்டித் தெரு, ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி அமுதவல்லியுடன் குடியிருந்து வருகிறேன். இருபது வருடத்துக்கு மேல் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். கஜா புயலில் என் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டது. அதன் பிறகு அந்த இடத்தில் மறுபடி கன்று வைக்க மனம் வராமல், வரிசையாக ஐந்து வீடு கட்டி வாடகைக்கு விட்டேன். எல்லா வீட்டுக்கும் ஒரே காம்பவுண்டு, ஒரே கேட். முன்வீட்டில் நாங்கள் இருக்கிறோம். இந்த வழக்கில் அடிபட்ட சிவரஞ்சனி மூன்றாவது வீட்டில் குடியிருந்தவர். அடித்த சரவணக்குமார் அவருடைய கணவர்.

வாடகைக்கு விட வீடு கட்ட நினைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் என்னிடம் வந்து யோசனை கேட்பது வழக்கம். வீட்டுக்கு வீடு கரண்ட் மீட்டரைத் தனியாக வை, தண்ணீர் மோட்டார் சுவிட்சை உன் கையில் வைத்துக்கொள், பதினோரு மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் எழுதாதே, சொந்தக்காரனுக்கு மட்டும் வீடு விட்டுவிடாதே, அப்புறம் வாடகையும் கேட்க முடியாது, கல்யாணத்துக்கும் போக முடியாது என்று சொல்வேன். எல்லாவற்றுக்கும் மேலாக, விசாரிக்காமல் ஒரு ஈ காக்காயைக்கூட உள்ளே விடாதே என்பேன். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவர் அம்மா, நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். நடந்ததே இதனால்தான் என்பதால் சொல்கிறேன்.

கடந்த ஆவணி மாதம் சிவரஞ்சனி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு கேட்டு வந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். துபாயில் என்றார். ஆதார் நகலை வாங்கிப் பார்த்ததில் ஜெகதாப்பட்டினம் முகவரியும் கணவர் பெயரும் இருந்தன. துபாயில் இருக்கிறவரிடம் போனில் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன். டூட்டியில் இருப்பார் என்றார். டூட்டி எப்போது முடியும் என்றேன். மகளின் தலைமுடியைக் கோதிவிட்டார். வெளிநாட்டில் வேலை பார்த்தவனிடமே இந்தக் கதையா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அதற்குள் என் மனைவி அவரை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, நல்ல பிள்ளையாகத் தெரிகிறது, விட்டுவிடுங்கள் என்றாள். பார்த்தவுடன் எடை போட நீ என்ன ரேஷன் கடை தராசா என்று நான் கேட்டேன்.

அதன் பிறகு சிவரஞ்சனி கிளம்பும்போது கேட் அருகே நின்று, "அய்யா, வேலை பாக்குற எடத்துல விசாரிங்க. படிச்ச எடத்துல விசாரிங்க. எங்க வீட்டுக்காரர் ஊர்ல மட்டும் விசாரிச்சிராதீங்க. நான் இங்கிட்டு இருக்குறது அவருக்குத் தெரிஞ்சா என்னை உசுரோட விடமாட்டாரு" என்றார். கணவர் துபாயில் இல்லை என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பேச்சைப் பயம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கள்ளம் என்று எடுத்துக்கொண்டேன். எந்த இடத்தில் விசாரிக்காதே என்கிறார்களோ, அந்த இடத்தில்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே ஜெகதாப்பட்டினத்தில் இருக்கும் என் சிங்கப்பூர் நண்பர் ஜெரால்டுக்குப் போன் செய்து விசாரிக்கச் சொன்னேன். சரவணக்குமார் ஐஸ் பிளான்டில் வேலை பார்க்கிறவர், குடிப்பழக்கம் கிடையாது, வெளியில் யாரிடமும் வம்புக்குப் போகாதவர் என்று ஜெரால்டு சொன்னார். சிறிது நேரத்தில் சரவணக்குமாரே ஜெரால்டிடம் என் எண்ணை வாங்கிப் பேசினார். தன் மனைவி கோபித்துக்கொண்டு வந்துவிட்டதாகவும், நல்ல மனிதர்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறார் என்றால் தனக்கு நிம்மதி என்றும், தான் பேசியதை அவரிடம் சொல்ல வேண்டாம், கோபம் தணியட்டும் என்றும் சொன்னார். அவருடைய பதவிசான பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. எந்த வீடு என்று கேட்டார். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பச்சைக் கேட், உள்ளே மூன்றாவது என்று சொன்னேன். அதன் பிறகுதான் சிவரஞ்சனிக்குச் சாவி கொடுத்தேன். விசாரித்ததை அவரிடம் சொல்லவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை.

குடியிருந்தவரை அவர் மேல் ஒரு குறையும் கிடையாது. என்னைக் கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. பட்டப்பகலிலும் கதவைத் தாழ் போட்டுத்தான் இருப்பார். யார் தட்டினாலும் ஜன்னல் வழியாக ஆளைப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் இதற்காக என்னிடம் அலுத்துக்கொண்டார். இப்படித்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று மற்றக் குடித்தனக்காரர்களிடம் நான் அவரை உதாரணம் காட்டியிருக்கிறேன்.

தீபாவளி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சரவணக்குமார் பைக்கில் வந்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கையில் ஆப்பிள் பையும் குழந்தைக்கு ஒரு கவுனும் இருந்தன. என் காலில் விழ வந்தார், நான் தடுத்தேன். சமாதானம் பேசிக் கூட்டிப்போக வந்திருப்பதாகவும், தான் தட்டினால் கதவு திறக்காது என்றும் சொன்னார். "பெரியவுக நீங்க ஒரு கொரல் குடுத்தா தெறக்கும்யா" என்றார். என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார். கதவைத் தட்டினேன். யாரு என்று உள்ளேயிருந்து கேட்டார். "வீட்டுக்காரர்தாம்மா, கதவைத் தொற" என்றேன். வீட்டுக்காரர் என்று யாரைச் சொன்னீர்கள் என்று நடுவர் அம்மா கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டு ஓனரையும் அப்படித்தான் சொல்வோம், புருஷனையும் அப்படித்தான் சொல்வோம். நான் என்னைத்தான் சொன்னேன். என் குரல் என்பதால் அவர் ஜன்னலுக்குக்கூட வராமல் உடனே திறந்தார்.

திறந்ததும் அவர் கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். புருஷன் பெண்சாதி பேச்சில் மூன்றாம் ஆள் நிற்பது மரியாதை இல்லை என்று நான் திரும்பி வந்து தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். மோட்டார் ஓடிய சத்தத்தில் வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. தொட்டி நிறைந்து மோட்டாரை நிறுத்திய பிறகு குழந்தை அழுவது கேட்டது. அப்போது சரவணக்குமார் வெளியே வந்து, வாசல் குழாயில் கை கழுவினார். "வாரேங்கய்யா" என்று சொல்லிப் பைக்கை எடுத்தார். நான் பழக்க தோஷத்தில் "பாத்துப் போங்க" என்றேன். கேட்டைத் திறந்துவிட்டதும் நான்தான்.

அதன் பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். சிவரஞ்சனி அடுப்படியில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் குக்கர் நசுங்கிக் கிடந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே திரும்பியிருந்தது. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. குழந்தை புதுக் கவுனைப் பிடித்தபடி சுவர் ஓரமாக நின்றது. நான் 108க்குப் போன் செய்தேன். கோயிலிலிருந்து வந்த என் மனைவி ஆம்புலன்ஸில் கூடவே போனாள்.

மறுநாள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அங்கே பெண் காவலர் ஒருவர் சிவரஞ்சனியிடம், இங்கிருந்து போன பிறகு எந்த முகவரியில் இருப்பீர்கள் என்று கேட்டார். அதுவரை கண்ணை மூடியிருந்தவர் திறந்து, "மொதல்ல இவரை வெளிய போகச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்" என்றார். காவலர் என்னைப் பார்த்தார். என் மனைவி அப்போதுதான் விஷயம் புரிந்து, நீங்களா சொன்னீர்கள் என்று கேட்டாள். நான் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். செத்துவிடலாம் போல் வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து என் மனைவி எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

அதன் பிறகு ஜெரால்டு இரண்டு பேருடன் என் வீட்டுக்கு வந்தார். சிவரஞ்சனியே போன் செய்து கணவரை வரச் சொன்னார் என்றும், அடுப்படியில் வழுக்கி விழுந்தார் என்றும் நான் சொன்னால் போதும், வீட்டு ஓனர் பேச்சைக் கோர்ட் நம்பும் என்றார்கள். அது பொய். சிவரஞ்சனி யாரையும் வரச் சொல்லவில்லை. இடத்தைச் சொன்னது நான். கதவைத் திறக்க வைத்தது நான்.

ஜாமீனில் வெளியே வந்த சரவணக்குமார் வேறொரு எண்ணிலிருந்து எனக்குப் பேசினார். "அய்யா, புள்ளையப் பாக்கணும்போல இருக்கு. எந்த ஊர்ல இருக்குன்னு நீங்க விசாரிச்சா தெரிஞ்சுரும்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

சிவரஞ்சனியின் சாமான்களை மினி லாரியில் ஏற்றிப் போனவர் அழகுமலை. அவர் என் தெருக்காரர், என் கேட் ஓரமாகத்தான் வண்டியை நிறுத்துவார். சென்ற வாரம் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, அந்தப் புள்ளை சாமானை எங்க எறக்குனேன் தெரியுமா" என்று ஆரம்பித்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

சிவரஞ்சனி இப்போது எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. இதுவும் மேலே நான் சொன்ன அனைத்தும் உண்மை. யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொன்னேன். எழுதியதை வாசிக்கக் கேட்டு, சரியென்று கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வை. ஆத்மநாதன்