அரைக்கட்டை இறக்கம்

— கடைசின்னா? எது கடைசி, அண்ணி?

— இன்னைக்குக் கச்சேரிதான். முடிச்சுட்டு மேடையிலேயே சொல்லிடப்போறேன். நீ வயலினைப் பாரு, அந்தத் தந்தி அழுவுது.

— தந்தி அழுவலை, நான்தான் அழுவப்போறேன். மேடைக்குப் போற நேரத்துல பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கிறவகிட்ட சொல்ற பேச்சா இது? அண்ணனுக்குத் தெரியுமா?

— சொன்னேன். அப்போ இனிமே சாயங்காலம் வீட்லயே இருப்பியான்னு கேட்டாரு. சந்தோஷமா பயமான்னு புரியலை.

— பயம்தான். டிவி ரிமோட் கையை விட்டுப் போயிடும்ல.

— சிரிக்காதே குட்டி. அந்த ஃபேனை முதல்ல நிறுத்து, சுருதியே கேட்கலை. நான் யோசிச்சுத்தான் சொல்றேன்.

— என்னத்தை யோசிச்சீங்க? தொண்டையில கத்தி வச்சு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலை. எல்லாம் நல்லா இருக்கு, தாராளமா பாடுங்கன்னு டாக்டரே சொல்லிட்டார்.

— பாடறது டாக்டரா, நானா? மேலே போறதுக்குக் குறையில்லை, சுகமாத்தான் ஏறுது. அடியிலதான் ஒண்ணும் இல்லை. கீழே இறங்கினா வெறும் காத்து வருது. போன கச்சேரியில பார்த்தே இல்ல? நான் வாயை அசைச்சேன், நீ வில்லை அழுத்தி இழுத்து ஒப்பேத்தினே. அந்தக் கைதட்டல் உனக்கு, எனக்கில்லை.

— குடும்பத்துக்குள்ள என்ன உனக்கு எனக்குன்னு?

— அப்படி உன் தோள்ல ஏறி உட்கார்ந்து எத்தனை நாள் பாடறது? உனக்கு வாசிப்பு இருக்கு. நல்ல குரலா பார்த்து வாசி.

— இன்னொருத்தி பக்கத்துல போய் உட்கார்ந்தா, அவ புருவத்தைத் தூக்கினா எனக்கு என்ன புரியும்? நீங்க தூக்கினா அடுத்து எங்க போகப்போறீங்கன்னு என் விரலுக்குத் தெரியும்.

— போடி. பேசியே மயக்குவே. இன்னும் சேரலையா அது?

— தொளதொளன்னு இருக்கு, அண்ணி. தந்தியை மாத்தி மாத்திப் போட்டாச்சு. மட்டச் சரக்கைக் கொடுத்துட்டேன்னு கடைக்காரர்கிட்ட மல்லுக்கு நின்னேன். தந்தி நல்ல தந்திதாம்மா, நீங்க எதுக்கு இவ்வளவு இறக்கறீங்கன்னு அவர்...

— இறக்கறியா?

— அவர் ஏதோ சொன்னார். விடுங்க.

— குட்டி. என் முகத்தைப் பாரு.

— முகத்தைப் பார்த்தா சொல்ல வராது. தந்தி முறுக்கற இந்தப் பிரடையைப் பார்த்துக்கிட்டே சொல்லிடறேன். சுருதிப் பெட்டியை நான் இறக்கி வச்சிருக்கேன். நீங்க இப்போ பாடறது உங்க வழக்கமான அஞ்சரைக் கட்டைச் சுருதி இல்லை. அரைக்கட்டை கீழே. அஞ்சு.

— எப்போலேருந்து?

— ஆஸ்பத்திரியிலேருந்து வந்து முதல் கச்சேரி. முந்தின நாள் ஒத்திகையில மேலே போறப்போ உங்க கழுத்து நரம்பு புடைச்சுது. தையல் விட்டுடுமோன்னு பயந்துட்டேன். பெட்டியில நம்பர் எல்லாம் தேய்ஞ்சுதானே கிடக்கு? கச்சேரி அன்னைக்குக் குமிழை ஒரு பொட்டு திருப்பினேன், வயலினையும் அதுக்கே சேர்த்துட்டேன். சொன்னா கேட்பீங்களா? அஞ்சரை அஞ்சரைன்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டே இருந்த ஆளு.

— மிருதங்கக்காரருக்கு எப்படித் தெரியாமப் போச்சு?

— தெரியும். என்னம்மா, இவ்வளவு இறங்கிட்டீங்கன்னு கேட்டார். நான் கண்ணைக் காட்டி அடக்கிட்டேன். பாவம், அன்னையிலேருந்து இறங்கின சுருதிக்குன்னு இருக்கிற அந்தப் பெரிய மிருதங்கத்தைத் தூக்கிக்கிட்டு வர்றார். மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னை ஒரு முறை முறைக்கிறார். நீங்களும் திட்டுங்க அண்ணி. நல்லா திட்டிட்டு, பாடுங்க.

— திட்டறது இருக்கட்டும். அரைக்கட்டைக்கா மிருதங்கத்தையே மாத்தினாரு?

— நானும் அதைத்தான் நினைச்சேன். இருக்கிறதையே கொஞ்சம் தளர்த்திச் சரி பண்ணிக்கலாமே. மனுஷன் எதையும் பெரிசு பண்ற ஆளுன்னு விட்டுட்டேன்.

— அரைக்கட்டை இறக்கினா எனக்கு அடிக்குரல் போகாதுடி. ஒரு கட்டை இறக்கினாத்தான் கீழே காத்து வரும். சின்ன வயசிலேருந்தே என் தொண்டை அப்படி. இரு, இரு. அன்னைக்கு நீ குமிழைத் தொட்டது காலையிலயா?

— மத்தியானம். நீங்க புடவை மாத்தப் போயிருந்தீங்க. ஏன்? அண்ணி, எதுக்குச் சிரிக்கறீங்க? மை கலையுது, கண்ணைத் துடைங்க முதல்ல. என்னாச்சு உங்களுக்கு?

— பிரடையை முறுக்குடி, அரைக்கட்டை மேலே ஏத்து. கிழவி இறங்கிட்டான்னு நீ கேலி பண்ணுவியேன்னு பயந்துக்கிட்டு, அன்னைக்குக் காலையிலேயே நானும் யாருக்கும் தெரியாம அந்தக் குமிழை அரைக்கட்டை இறக்கி வச்சிருந்தேன்.