மினுக்கிய நோட்டு

என் மனைவி செலஸ்ரீனா இஸ்திரிப்பெட்டியால் துணி மினுக்கினால் ஒரு சுருக்கமும் மிஞ்சாது. பலெர்மோவில் அவள் வேலை செய்த வீட்டு எசமானி சிக்னோரா இதை உங்களுக்கும் சொல்லியிருப்பார், ஐயா.

எனக்குப் பழைய நோட்டுச் சேகரிக்கும் பழக்கம். முன்பு அமெரிக்காவில் சிற்றூர் வங்கிகள்கூடத் தங்கள் பெயரில் நோட்டு வெளியிட்டன. ஊர்ப்பெயர் அச்சில் இருக்கும். அடியில் வங்கித் தலைவரும் காசாளரும் பேனாவால் கையெழுத்திடுவார்கள். அந்தக் கையெழுத்துத்தான் எங்களுக்கு முக்கியம்.

சிக்னோராவின் தாத்தா அமெரிக்காவில் கூலிவேலை செய்து திரும்பியவர். அவருடைய செபப் புத்தகத்துக்குள் அப்படி ஒரு நோட்டு இருந்தது. செலஸ்ரீனா கைபேசியில் படம் எடுத்து அனுப்பினாள். படத்தைப் பெரிதாக்கிக் காசாளரின் பெயரை வாசித்தேன். அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அந்த ஊர் வங்கியின் நோட்டு ஒன்றுகூடத் தப்பவில்லை என்றுதான் சேகரிப்பாளர்கள் எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

என் பிறந்தநாளுக்கென்று அவள் அதைக் கேட்டு வாங்கினாள். எங்கள் ஆட்கள் விசேஷத்துக்குப் புது நோட்டுத்தான் கொடுப்பார்கள். கசங்கியதைக் கொடுக்க அவளுக்கு வெட்கம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, மினுக்கி, உறையில் வைத்து நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, வங்கியிலை இருந்து இப்ப எடுத்த மாதிரி இருக்கு, பாருங்கோ. அடியிலை ஆரோ பேனையாலை கிறுக்கியிருந்தவை. அதையும் போக்கிட்டன்."

நான் சத்தம் போடவில்லை. நன்றி சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கடற்கரையில் இருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன்.

இறால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. தொண்டை அடைத்துவிடும். அதற்கான ஊசி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். அவள் கை கழுவப் போனபோது அதை என் சட்டைப்பைக்கு மாற்றினேன். உணவகக்காரர் உங்களிடம் சொன்னது சரிதான். பாஸ்தாவின் குழம்பு இறால் தலையில் காய்ச்சியது என்று அவர் என்னிடம் முன்பே சொன்னார்.

செலஸ்ரீனா கரண்டியை எடுக்குமுன் கேட்டாள். "இதுக்கை இறால் இல்லைத்தானே?"

"இல்லை. வெறும் மீன்தான். ஆற முதல் சாப்பிடு."

கொஞ்ச நேரத்தில் அவள் கைப்பையைத் துழாவினாள். மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கசங்கிய விரிப்பை நான் கையால் நீவிவிட்டேன்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அவளில் எனக்குக் கோபமே இல்லை. இருந்திருந்தால் அந்த நோட்டை அவள் கையில் வைத்துச் சவப்பெட்டியை மூட விட்டிருப்பேனா? எப்படியும், கையெழுத்து இல்லாத நோட்டை நான் சேர்ப்பதில்லை.