யாருக்காவது காயமா?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்க்கா. இன்னிக்கு வந்த நூடுல்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு. சூடாவும் இருந்துச்சு. கடைக்காரங்க மேல தப்பே இல்ல, எழுதிக்குங்க.

மெதுவாப் பேசறேன், தம்பி உள்ள படுத்திருக்கான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்துல வேலை. நைட் ஷிஃப்ட். விடிஞ்சாத்தான் வருவாங்க.

முதல் தடவை நிஜமாவே சூப் கொட்டி, பை பூரா நனைஞ்சுதான் வந்துச்சு. சாப்பாடு ஆர்டர் பண்ற உங்க ஆப்புல புகார் போட்டேன். உடனே, 'உங்களுக்கு இப்படி நேர்ந்ததற்கு மனமார வருந்துகிறோம்'னு வந்துச்சு. மெஷின்தான் அனுப்புதுன்னு தெரியும். ஆனாலும் அதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். எங்க வீட்டுல யாரும் யார்கிட்டயும் வருத்தம்னு சொன்னதே இல்ல. எதைச் சொல்லப் போனாலும், "சும்மா நைநைங்காதடி, தலை வலிக்குது"ம்பாங்க அம்மா. பாவம், அவங்க அசதி அவங்களுக்கு.

அப்புறம் கொட்டாத சூப்பையும் கொட்டிச்சுன்னு போட ஆரம்பிச்சேன். நீல ஹெல்மெட் போட்ட அண்ணன் ஒருத்தர்தான் அடிக்கடி கொண்டு வருவார். ஒருநாள் வாசல்லயே நின்னு, "பாப்பா, பிரிச்சுப் பார்த்துச் சொல்லிடும்மா. என் மேல புகார் ஏறிக்கிட்டே போகுது, வேலைக்கே உலை வச்சிடுவாங்க போல"ன்னார். பிரிச்சுப் பார்த்தேன். "எல்லாம் சரியா இருக்குண்ணா"ன்னேன். சிரிச்சுக்கிட்டே படி இறங்கினார். கதவைச் சாத்திட்டு, பாதியைக் காணோம்னு போட்டேன். அதோட அவர் வரல. நல்ல மனுஷன்.

அடுத்ததுதான் முடி. சாப்பாட்டுல முடி கிடந்துச்சுன்னு போட்டதும் கஸ்டமர் கேர்லேர்ந்து நீங்களே போன் பண்ணீங்க. ஞாபகம் இருக்காக்கா? எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, "சரி, அப்ப நீ என்னதான் சாப்டே கண்ணு?"ன்னீங்க. உங்களுக்கு அது சாதாரணம். நான் போனை வச்சுட்டு, அதையே உங்க குரல்ல எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன்.

மறுபடி முடின்னு போட்டா மெஷின்தான் வந்துச்சு. என்ன போட்டாலும் மெஷின்தான். கடைசியா ஒரு கேள்வி இருக்குமே, 'யாருக்காவது காயம் ஏற்பட்டதா?'ன்னு. அதுல ஆமாம்னு அமுக்கினா மட்டும் ஆள் பேசுவீங்க. போட்டோ கேப்பீங்க. எனக்கும் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சுக்கா. இந்த ஒரு தடவையாவது நிஜமா இருக்கட்டும்னு நினைச்சேன்.

கண்ணாடி டம்ளர் ஒண்ணு ஏற்கெனவே விரிசல் விட்டுத்தான் இருந்துச்சு. அதுல ஒரு சில்லு உடைச்சு என் தட்டுலதான் போட்டேன், சத்தியமா. வாய்கிட்ட கொண்டு போனதும் பயம் வந்துடுச்சு. வாலு, அதான் தம்பி, ஆறு வயசு, எதையும் மெல்லாமலே முழுங்குவான். "அக்கா, உன் பங்குல கொஞ்சம் குடேன்"னு அவனாத்தான் கேட்டான்.

குடுத்தேன்.

முதல்ல அழுதான். இப்ப அழல. போட்டோ அனுப்பினேனே, பார்த்தீங்கல்ல. உங்க குரலே வரணும்னு வேண்டிக்கிட்டேதான் அமுக்கினேன். நீங்க எதுக்குக்கா கத்தறீங்க? நீங்க கத்துற ஆள் இல்லன்னு நினைச்சேன்.

ஆம்புலன்ஸ் நம்பர் எனக்கும் தெரியும். வீட்டுல இந்த ஒரு போன்தான். அதுக்கு அடிக்கணும்னா உங்களைக் கட் பண்ணணும்.

பண்ணிடறேன்க்கா, கண்டிப்பா அடிக்கிறேன். அதுக்கு முன்னாடி, அன்னிக்கு மாதிரி, நான் சாப்டேனான்னு ஒரு தடவை கேளுங்க.