அறுபதுன்னா அறுபதுதானே

நுஸ்ஹா: ...குழிக்குள்ள போய் நசுங்கின அந்தப் பம்புக் குழாயிலேருந்து காதை எடுத்துட்டு முதல்ல இதைக் குடி. ஆறிடப் போகுது.

ஸுலீகா: சர்க்கரை போட்டியா?

நுஸ்ஹா: போட்டேன்டி.

ஸுலீகா: ம்... பாகு மாதிரி இருக்கு. பள்ளிக்கூடத்துல கணக்குல நீதான் முதல். டீயில சர்க்கரை மட்டும் உனக்கு ஒருநாளும் சரியா விழுந்ததில்ல.

நுஸ்ஹா: பேசாம குடி. ராத்திரியிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல.

ஸுலீகா: துளை போடுற மெஷினை ஏன் நிறுத்திட்டாங்க?

நுஸ்ஹா: கம்பி மாத்துறாங்க.

ஸுலீகா: யார்கிட்ட கதை விடுற? கம்பி மாத்தினா மெஷின் ஓட்டுற அந்தத் துருக்கிக்காரன் சிகரெட்டும் கையுமா இறங்குவான். இப்ப தலையில கையை வச்சுட்டு உக்காந்திருக்கான்.

நுஸ்ஹா: ஸுலீகா...

ஸுலீகா: துளை போய்ச் சேரலையா?

நுஸ்ஹா: சேரல.

ஸுலீகா: நேத்து மத்தியானமே அவர்கிட்ட போயிடும்னு சொன்ன. புதுக் குழாய் விட்டுத் தண்ணி, பால் எல்லாம் இறக்கலாம்னு சொன்ன.

நுஸ்ஹா: சொன்னேன். அளந்தது நான்தானே. ஐம்பது மீட்டர்ல உள்ள இருக்கிற வெற்றிடம் கிடைச்சிருக்கணும். அதையும் தாண்டிப் போயிடுச்சு. வெறும் பாறைதான் வருது.

ஸுலீகா: பாறைக்குள்ளயா என் புருஷன் உக்காந்திருக்காரு? நிலக்கரி வெட்டப் போனவருடி! சரிஞ்சது குழி வாசல்தான், உள்ள இடம் இருக்கு, காத்து இருக்குன்னு நீதானே மண்ணுல படம் போட்டுக் காமிச்ச...

நுஸ்ஹா: படத்துல தப்பில்ல. இடத்துலயும் தப்பில்ல.

ஸுலீகா: அப்ப எதுலதான்டி தப்பு?

நுஸ்ஹா: நேர் மேல நின்னு துளைச்சா மண்ணு அவர் தலையிலேயே சரியும். அதனால தள்ளி நின்னு சாய்வாத் துளைக்கச் சொன்னேன். அவன் எவ்வளவு சாய்வு வச்சான்னு இப்பப் போய்க் கேட்டேன். அறுபதுன்னான்.

ஸுலீகா: நீ சொன்னதும் அதானே? போன்ல நீ கத்தினது ஊருக்கே கேட்டுச்சு.

நுஸ்ஹா: அறுபதுதான் சொன்னேன்.

ஸுலீகா: அறுபதுன்னா அறுபதுதானே!

நுஸ்ஹா: இல்லடி... எப்படிச் சொல்றது...

ஸுலீகா: எனக்குப் புரியுற மாதிரி சொல்லு.

நுஸ்ஹா: அந்த ரொட்டியை எடு. நாலாப் பிச்சுக்கோ. அதுல இந்தக் கால் ரொட்டி இருக்கு பாரு... இதை நாங்க நூறு துண்டாப் போடுவோம். அதுல ஒரு துண்டுக்குப் பேரு கிராட். பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன கணக்கு. நான் படிச்சதும் அதுதான், என் கருவி காட்டுறதும் அதுதான்.

ஸுலீகா: சரி.

நுஸ்ஹா: துருக்கிக்காரன் இதே கால் ரொட்டியைத் தொண்ணூறு துண்டாப் போடுவான். அவனுக்கு அது டிகிரி.

ஸுலீகா: அப்ப அவனோட துண்டு பெருசு.

நுஸ்ஹா: பெருசு. என்னோட அறுபது, அவன் கணக்குல ஐம்பத்துநாலு. அவன் அவனோட அறுபதையே வச்சுட்டான். மெஷின் மூக்கு ஆறு துண்டு கூடுதலா கீழ குனிஞ்சிடுச்சு.

ஸுலீகா: ஆறு துண்டுதானே... ஒரு வாய் ரொட்டிகூட வராது.

நுஸ்ஹா: மேல அவ்வளவுதான். அடியில போகப் போக விலகி, அஞ்சு மீட்டர் ஆயிடுச்சு. அவரைத் தொடாம இந்தப் பக்கமா இறங்கிப் போயிடுச்சு.

ஸுலீகா: அஞ்சு மீட்டர்னா... அவருக்குச் சத்தம் கேட்டிருக்கும்.

நுஸ்ஹா: ...கேட்டிருக்கும்.

ஸுலீகா: வந்துட்டாங்க, வந்துட்டாங்கன்னு உக்காந்திருப்பாரு. அப்புறம் அது தாண்டிக் கீழ போறதும் கேட்டிருக்கும்.

நுஸ்ஹா: வேணாம்டி...

ஸுலீகா: கிராட்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னா உன் நாக்கு தேஞ்சிடுமாடி?

நுஸ்ஹா: யாருமே சொல்றதில்ல. இந்த ஊர்ல அளக்கிற எல்லாரும் நம்பரை மட்டும்தான் சொல்லுவோம். வேற ஒண்ணு இருக்குன்னு ஞாபகம் வந்தாத்தானே சொல்றதுக்கு! அவங்க ஊர்லயும் அப்படித்தானாம். நான் அறுபதுன்னேன், அவன் அறுபதுன்னான். ரெண்டு பேரும் சரி சரின்னு போனை வச்சுட்டோம்.

ஸுலீகா: உன்னை அறையணும் போல இருக்கு.

நுஸ்ஹா: அறைஞ்சிடு.

ஸுலீகா: கையில தெம்பு இல்ல. ...நம்ம ஆம்பளைங்களுக்குத் தெரியுமா?

நுஸ்ஹா: இன்னும் தெரியாது. தெரிஞ்சா அவனைக் கல்லாலயே அடிப்பாங்க. என்னையும்தான். அடிச்சுட்டுப் போகட்டும். அதுக்குள்ள புதுத் துளை ஆரம்பிக்கணும். ஐம்பத்துநாலு டிகிரி. அவன்கிட்டயே எழுதிக் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கவும் சொல்லிட்டேன். அழுதுக்கிட்டே படிச்சான்.

ஸுலீகா: எவ்வளவு நேரம் ஆகும்?

நுஸ்ஹா: ராத்திரி பகல்னு பாக்காம ஓட்டினா நாளைக்குக் காலையில.

ஸுலீகா: மெஷினை வரவழைச்ச அதிகாரி சம்மதிப்பாரா?

நுஸ்ஹா: அவருக்கு ஒரே கேள்விதான். உள்ளேருந்து அவர் இந்தக் குழாயைத் தட்டுற சத்தம் இன்னும் வருதான்னு. வந்தா மெஷின் இங்கயே இருக்கும். வரலேன்னா மலைக்கு அந்தப் பக்கம் ரோடு வேலைக்குத் திருப்பி அனுப்பிடுவாரு. அதோ, உன்னையே பாத்துட்டு நிக்கிறாரு. வழக்கம்போல கேக்குதுன்னு நீ கையைத் தூக்கினாப் போதும்.

ஸுலீகா: இருடி.

நுஸ்ஹா: ஸுலீகா, மெஷின் ஓடல. இப்ப நல்லாக் கேக்கும். காதை வை.

ஸுலீகா: வச்சுட்டுத்தான் இருக்கேன்.

நுஸ்ஹா: உங்க வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரியே தட்டுறாருன்னு சொன்னியே...

ஸுலீகா: நேத்து மத்தியானம் துளை சரியாப் போயிருந்தா, தண்ணி அவர் வாய்க்குப் போயிருக்கும். இல்ல?

நுஸ்ஹா: ...போயிருக்கும்.

ஸுலீகா: மத்தியானம் தட்டினாருடி. சத்தியமாத் தட்டினாரு. சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துலயும் தட்டினாரு. கொஞ்சம் மெதுவா... ஆனா தட்டினாரு.

நுஸ்ஹா: அப்புறம்?

ஸுலீகா: பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல. ராத்திரி பூரா வெறும் இரும்புலதான் காதை வச்சுட்டு, கேக்குது கேக்குதுன்னு கையைத் தூக்கிட்டு இருந்தேன். மெஷின் போயிட்டா அவர் மலைக்குள்ளயே கிடந்துடுவாரேன்னு... போ, அதிகாரிகிட்ட போய்ச் சொல்லிடு. அவ பொய் சொன்னான்னு சொல்லு.

நுஸ்ஹா: சொல்ல மாட்டேன்டி. ராத்திரி இஷா தொழ நீ எழுந்து போனப்ப இங்க காதை வச்சுட்டு இருந்தது நான்தானே. எனக்கும் ஒண்ணும் கேக்கல. நானும் கையைத் தூக்கினேன்.