அவள் பெயர் வராத நாள்கள்

“பொம்மர்! பங்கருக்குள்ளை ஓடுங்கோ!”

வீட்டு முன் ஒழுங்கையிலிருந்து, அந்தக் குறுஞ்சந்திலிருந்து, அருளப்புவின் குரல். 1993. ஆவணி. செவ்வாய்க்கிழமை. பிற்பகல் நான்கு மணி கடந்துவிட்டது. நான் எழுகிறேன். நாற்காலி சரிகிறது. வானூர்தி தலைக்கு மேலே வந்துவிட்டது. நாங்கள் அதைக் கேட்கவில்லை. சக்கரத்தின் இரைச்சல் அதனை மறைத்திருந்தது.

விறாந்தையில் பிலோமினா குந்தியிருக்கிறாள். அவளுக்கு முன்னே தலைகீழாக நிறுத்திய மிதிவண்டி. வலக்கை மிதிகட்டையைச் சுற்றுகிறது. கை நின்றால் வானொலியும் நிற்கும்.

“விட்டிட்டு வா பிள்ளை!”

“பேர் வாசிக்கினம் மாஸ்டர். முடியட்டும். வாறன்.”

நான் ஓடினேன். அவளை இழுத்துச் செல்லவில்லை. இதனை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னர் எழுதத் துணிவு வராது.

கொழும்புத்துறையில் மின்சாரம் நின்று அப்போது மூன்று ஆண்டுகள். மின்கலங்களுக்கு அரசின் தடை. செய்தித்தாள் கோடிட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்தது. ஆகவே மிதிவண்டி. சக்கரத்தோடு உரசிச் சுழலும் டைனமோ. அதிலிருந்து வானொலிக்கு இரண்டு கம்பிகள். எங்கள் விறாந்தையில் ஒரே சட்டம்தான் இருந்தது. எவர் சுற்றுகிறாரோ அவரே நிலையத்தைத் தெரிவுசெய்வார்.

நான் செய்திக்காகச் சுற்றினேன். செய்திக்காக மட்டுமன்று. ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்குத் திருத்துவதற்கு எவரும் எஞ்சியிருக்கவில்லை. அறிவிப்பாளர் ளகரத்தைப் பிழையாக உச்சரித்தால் பென்சிலால் குறித்துக்கொள்வேன். அந்தப் பெட்டி எனக்கு வகுப்பறை. அடுத்த வீட்டு அருளப்பு கிழிந்த வலை பொத்துபவர். அவர் சுற்றுவது திரைப்பாடலுக்காக.

“உங்கடை செய்தியைக் கேட்டுச் சாகிறதிலும் பார்க்கப் பாட்டைக் கேட்டுச் சாகலாம் மாஸ்டர்.”

“பாட்டிலை பிழை இல்லையோ?”

“இருக்குது. ஆனால் தாளத்தோடை இருக்குது.”

பிலோமினா சிரிப்பாள். அவள் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் பின்வளவுக் கொட்டிலில் குடியிருந்தாள். கணவர் மரியநாயகம். 1992 பங்குனியில் தீவுப் பக்கக் கடலுக்கு மீன்பிடிக்கப் போனவர். ஒரு படகு. மூன்று பேர். விடியற்புறம் கடலில் சூட்டுச் சத்தம் கேட்டது. இரண்டு உடல்கள் கரை ஒதுங்கின. மூன்றாவது ஒதுங்கவில்லை.

அவள் சுற்றியது மரண அறிவித்தலுக்காக. பாதைகள் அறுந்திருந்த காலம். இறந்தவரின் பெயரை இங்கும் அங்கும் இருந்த உறவினருக்கு வானொலிதான் எடுத்துச் சென்றது. இன்னார், இன்ன ஊர், இன்னாரின் அன்புக் கணவர். தொடக்கத்தில் அவள் கேட்கப் பயந்தாள். நான்தான் அவளை வானொலி முன் அமர்த்தினேன்.

“ஆளை ஆரும் அடையாளம் கண்டால் அறிவிப்பினம் பிள்ளை. அறிவிக்காத மட்டும் மரியநாயகம் இருக்கிறார் எண்டு வைச்சுக்கொள்.”

வகுப்பில் இலக்கண விதி சொல்வதுபோலச் சொன்னேன். அவள் அதனைப் பிடித்துக்கொண்டாள். அதன் பின்னர் ஒரு நாளும் தவறவில்லை. காய்ச்சலிலும் வந்து சுற்றினாள். பட்டியல் முடியும். முகத்தைத் துடைப்பாள். “இண்டைக்கும் இல்லை” என்பாள். போய் உலை வைப்பாள். பட்டியல் முடியுமுன் அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை.

அந்தச் செவ்வாயன்று மூன்று குண்டுகள். முதலாவது கடலேரியில். நீர் எழுந்து விழும் ஓசை. இரண்டாவது ஒழுங்கையில். பதுங்குகுழியின் பனங்குற்றிகள் முனகுகின்றன. மூன்றாவதற்கு ஓசையே இல்லை. காதுக்குள் ஓர் அமுக்கம் மட்டும். பின்னர் வாயெங்கும் மண்.

வெளியே வருகிறேன். ஒழுங்கையில் அருளப்பு இடக்கால் சிதைந்து கிடக்கிறார். என்னைக் கண்டதும் அவர் கேட்டது தம் காலைப் பற்றியன்று.

“பிலோமினாப் பெட்டை வந்திட்டுதோ?”

விறாந்தையின் கூரை இல்லை. வானொலி இல்லை. மிதிவண்டி சுவரோடு மடிந்திருந்தது. பிலோமினா அதன்மேல் சாய்ந்திருந்தாள். வலக்கை மிதிகட்டையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

மறுநாட் காலை அடக்கம். பங்குச் சுவாமி செபம் சொன்னார். அவளுடைய தமையன் என்னிடம் வந்தார்.

“றேடியோவுக்குக் குடுப்பமோ மாஸ்டர்?”

“ஆர் கேக்கிறதுக்கு?” என்றேன்.

அவளுடைய சொந்தங்கள் அனைவரும் குழியருகே நின்றிருந்தனர். வெளியே எவரும் இல்லை. அப்படித்தான் எண்ணினேன். ஓராண்டுக்கும் மேலாக அவளுக்கு நான் சொல்லிவந்ததை நானே நம்பியிருக்கவில்லை. அந்த இடத்திற்றான் அதனை அறிந்தேன்.

1994 தை. அவளுடைய பெயருக்கு ஒரு கடிதம். இந்திய முத்திரை. இராமேசுவரத்துக்கு அப்பால் ஓர் அகதி முகாம். அருளப்புவின் கட்டிலருகே அமர்ந்து உடைத்தேன். உரக்க வாசித்தேன்.

“இது நான் போடுற ஐந்தாவது காயிதம். ஒண்டுக்கும் பதில் இல்லை. அண்டைக்குக் கடலிலை தோளிலை சூடு பட்டது, இப்ப மாறியிட்டுது. இஞ்சை எங்கடை றேடியோ வடிவாய் இழுக்குது. ஒவ்வொரு நாளும் மரண அறிவித்தல் கேக்கிறன். உன்ரை பேர் வரேல்லை. எனக்கு அது காணும். அதைக் கேட்டிட்டுத்தான் சாப்பிடுறன்.”

பதில் எழுத அமர்ந்தேன். ‘காலமானார்’ என்று எழுதிக் கிழித்தேன். ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று எழுதிக் கிழித்தேன். நாற்பது ஆண்டுகள் சொற்களைக் கற்பித்தவன். ஒரு சொல்லும் நிற்கவில்லை. அருளப்பு கட்டிலில் கிடந்தபடி பார்த்திருந்தார்.

“பிலோமினா செத்துப்போச்சு எண்டு எழுதுங்கோ மாஸ்டர். அவனுக்கு விளங்கும்.”

அவ்வாறே எழுதினேன். கடலேரியைக் கடந்து கொழும்புக்குச் செல்லும் ஒருவரிடம் கொடுத்தேன். வானொலிக்கும் ஓர் அறிவித்தல் எழுதிக் கொடுத்தேன். அது வாசிக்கப்பட்டதா என அறியேன். கேட்பதற்கு எங்களிடம் வானொலி இல்லை. 1995 ஐப்பசியில் நாங்களும் ஊரைவிட்டு வெளியேறினோம். அதுவரை பதில் வரவில்லை. பின்னர் வந்திருப்பினும் வாங்கிக்கொள்ள அங்கே எவரும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை இழந்தவை இவை. வானொலி ஒன்று. மிதிவண்டி ஒன்று. விறாந்தை. அருளப்புவின் இடக்கால், முழங்காலுக்குக் கீழே. பிலோமினா, வயது முப்பத்தொன்று.

மரியநாயகத்தை இதில் எங்கே சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கடிதமும் அறிவித்தலும் சேராதிருந்தால் அவர் இன்றும் கேட்டுக்கொண்டிருப்பார். பட்டியல் முடியும். அவள் பெயர் இராது. எழுந்து போய்ச் சோறு உண்பார்.