செங்கண் வாத்தின் அருகே

காட்டு வாத்து மனிதனை ஐம்பதடிக்குள் விடாது. எனக்கு வேண்டியது ஐந்தடி. இந்த நெவாடாப் பாலைவன ஏரிகளில் பதினொரு வருடம் என்னை அலைக்கழித்த சிக்கல் இவ்வளவுதான், ஐயா. ஆண் செங்கண் வாத்துக்குக் கோடையில் இறகின் செம்பு நிறம் உதிர்ந்துவிடும். கண் மட்டும் சிவப்பாகவே இருக்கும். அந்தக் கண்ணில் எதிர்மலை தெரியும்படி ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டேன். கழுத்தளவு சேற்றில் நின்றும் பார்த்தேன். கேமராவின் நிழல் அசைந்தாலே பறந்துவிடும்.

தீனி போடக்கூடாது, விரட்டக்கூடாது, தொடக்கூடாது என்பவை எங்கள் புகைப்படக்காரர் சங்கத்தின் விதிகள். ஒன்றையும் நான் மீறியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஏரிகளில் ஒன்றான வாத்துச் சரணாலயத்தின் நீரைப் பார்த்துக்கொண்டவள் வெல்டா. நீரைத் தேக்க மதகில் பன்னிரண்டு பலகைகளைச் செருகிவிட்டால் கோடை முடியும்வரை தொடமாட்டாள். வாத்துகளைக் கணக்கெடுக்கும் எங்களுக்கும் வாயிற்சாவி கொடுத்திருந்தாள். கோடையில் வாத்துகளைக் கொல்லும் நோயை எனக்கு விளக்கியதும் அவள்தான். நீர் வடிந்தால் சேறு சூடாகும். சூட்டில் பூச்சிகள் சாகும். அந்த அழுகலில் விஷம் ஊறும். அதைத் தின்ற வாத்து சாகும். பிணத்தில் ஈப்புழு பிடிக்கும். புழுவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் விஷம் அதில் சேர்ந்துகொண்டே போகும். நாலைந்து புழு தின்ற வாத்துக்கு முதலில் சிறகு ஓயும், பிறகு கால், கடைசியில் கழுத்து. தலை கவிழ்ந்து நீரில் மூழ்கும். அதுவரை சுற்றி நடப்பதெல்லாம் அதற்குத் தெரியும் என்றாள். பிணங்களை உடனுக்குடன் அள்ளினால் சுழற்சி நின்றுவிடும். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு, பாருங்கள்.

அடுத்த கோடையில் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பிழைக்கக்கூடியவற்றின் தொண்டையில் வெல்டா குழாயால் நல்ல தண்ணீர் ஊற்றினாள். "படம் புடிச்சது போதும் மெர்ல், அந்த வாளியத் தூக்கு. உன் கேமரா ஒண்ணும் முட்டை போடப்போறதில்ல" என்றாள். தூக்கினேன்.

அதற்கடுத்த வாரம் மதகடியிலிருந்து வெளுத்த முகத்தோடு வந்தாள்.

"வெயில்தான் தண்ணியக் குடிக்குதுன்னு நெனச்சேன். ஒம்போது பலகைதான் இருக்கு. நாந்தான் தப்பா எண்ணிட்டேனா?"

"வயசாகுதில்ல வெல்டா," என்றேன். "எல்லாருக்கும் வர்றதுதான்."

அன்றே வேலையை விட்டுவிட்டாள். இப்போது தேவாலயப் படிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறுகிறாள். போன ஞாயிறு அவளுக்குப் பின்னால் ஏறினேன். ஏழாவது படியில் நின்று, இறங்கி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். அதனால்தான் இங்கே, உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. சிவந்த கண்ணில் மலை தெரிகிறது. மலைக்கு முன்னால் குனிந்திருக்கும் நானும் தெரிகிறேன். தண்ணீர்க் கோப்பையை உதட்டில் வைக்கும்போதெல்லாம், ஒரு தலை நீரில் கவிழும் மெல்லிய சத்தம் கேட்கிறது.

எப்படி எடுத்தாய் என்று கேட்டீர்கள். அந்தக் கோடையில், ஜூலை இருபதாம் தேதி மதகிலிருந்து மூன்று பலகைகளைக் கழற்றினேன். முதலில் செத்தவற்றை அள்ளாமல் விட்டு, பிணம் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பதினைந்தாம் நாள் ஐந்தடியில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் பறக்கவில்லை.